கம்ப்யூட்டர் கத்துகிறதா? காது கொடுத்துக் கேளுங்கள்!

கொர்ர்ர்... கொர்ர்ர்...

கூடத்தில் யாரோ குறட்டை விடுகிறார்கள். தாத்தாவா? இல்லை. அவர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். பூனையா? அதுவும் இல்லை.

சத்தம் மேஜைக்கு அடியில் இருந்து வருகிறது. அங்கே இருப்பது கம்ப்யூட்டர்!

வாங்கிய புதிதில் அது வாயே திறக்கவில்லை. ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதை விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டி இருந்தது. இரண்டு, மூன்று ஆண்டுகள் போயின. இப்போது அது போடும் கூச்சலில் அடுத்த அறையில் படுத்திருப்பவருக்கும் தூக்கம் இல்லை.

பல வீடுகளில் இந்தக் கதை நடக்கிறது. அப்போது வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்?

சிலர் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டுகிறார்கள். சத்தம் நின்றுவிடுகிறது. "சரியாகிவிட்டது" என்று போய்விடுகிறார்கள். மறுநாள் மீண்டும் கொர்ர்ர்!

இன்னும் சிலர், "இதற்கு வயதாகிவிட்டது. புதிதாக வாங்க வேண்டியதுதான்" என்கிறார்கள். முப்பதாயிரமா, நாற்பதாயிரமா என்று கணக்குப் போடுகிறார்கள்.

இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள். பெரும்பாலும் கத்துவது கம்ப்யூட்டர் அல்ல. அதற்குள் சுழலும் ஒரு சின்ன விசிறிதான் கத்துகிறது. அதன் விலை சில நூறு ரூபாய். பல சமயங்களில் அந்தச் செலவும் தேவை இல்லை. ஒரு மெல்லிய பெயிண்ட் பிரஷ் போதும்!

ஆனால், கத்துகிற விசிறியைக் கவனிக்காமல் விட்டால் கதை வேறு.

மூளைக்கு எதற்கு விசிறி?

கம்ப்யூட்டரின் மூளைக்கு 'பிராசசர்' என்று பெயர். அதற்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு ஒரு தபால்தலை அளவுகூட இருக்காது. ஆனால், மேஜைக் கம்ப்யூட்டரில் அது மும்முரமாக வேலை செய்யும்போது 65 வாட் மின்சாரத்தைச் சர்வசாதாரணமாகச் சாப்பிடும். சாப்பிட்ட மின்சாரம் முழுவதும் உஷ்ணமாக வெளியே வரும்.

60 வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தபோது அதைத் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதைவிடச் சற்று அதிகமான சூடு, ஒரு தபால்தலைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சூடான சாதத்தை எப்படி ஆற்றுகிறோம்? தட்டில் பரப்புகிறோம். பிறகு விசிறுகிறோம். கம்ப்யூட்டரிலும் அதே யுக்திதான். பிராசசரின் தலைமேல் அலுமினியத் தகடுகளை அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். 'ஹீட் சிங்க்' என்பது அதுதான். சூடு அந்தத் தகடுகளில் பரவுகிறது. தகடுகளின்மேல் விசிறி காற்றை வீசுகிறது. சூடு காற்றோடு போய்விடுகிறது.

இந்த விசிறி களைத்துப்போனால் என்ன ஆகும்? சூடு ஏறும். 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கியதும், இப்போது வரும் பிராசசர்கள் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். வீட்டில் உள்ளவர்கள், "வைரஸ் வந்துவிட்டது போலிருக்கிறது. மெதுவாக ஓடுகிறது" என்பார்கள். அதற்கு மேலும் சூடு ஏறினால், பட்டென்று தானாகவே அணைந்துவிடும். மகள் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருப்பாள். கடைசி நாளாக இருக்கும். அந்த நேரத்தில் திரை இருண்டுவிடும்!

வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இந்த அறிவு எல்லாப் பிராசசர்களுக்கும் ஆரம்பத்திலேயே இருந்ததில்லை. 2001-ம் ஆண்டில் 'டாம்ஸ் ஹார்டுவேர்' என்ற கணினிச் சோதனை ஏடு ஒரு விபரீதப் பரீட்சை நடத்தியது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில் இருந்து விசிறியையும் தகட்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள். பென்டியம்-4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தது. பென்டியம்-3 செயலற்று நின்றுபோனது. ஆத்லான் என்ற பிராசசரில் இருந்து புகை கிளம்பியது. சில விநாடிகளில் அதன் கதை முடிந்தது.

விசிறி வேண்டாம் என்றவர்

கம்ப்யூட்டர் பிறந்த நாளில் இருந்தே அதற்குக் காற்று தேவைப்பட்டது. 1946-ம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'எனியாக்' என்ற ராட்சதக் கம்ப்யூட்டரை உலகுக்குக் காட்டினார்கள். அதில் சுமார் 18 ஆயிரம் வால்வுகள் இருந்தன. 150 கிலோவாட் மின்சாரம் அதற்குத் தீனி. அந்த உஷ்ணத்தை விரட்டுவதற்குப் பெரிய பெரிய காற்று ஊதிகளை வைத்திருந்தார்கள்.

விசிறிச் சத்தம் பிடிக்காத பெரிய மனிதர் ஒருவரும் உண்டு. அவர்தான் ஆப்பிள் கம்பெனியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ். கம்ப்யூட்டர் என்றால் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1980-ம் ஆண்டில் 'ஆப்பிள்-3' விசிறி இல்லாமல் வெளிவந்தது. வந்த வேகத்தில் புகார்களும் வந்தன. உள்ளே இருந்த சில்லுகள் இருக்கையைவிட்டுக் கிளம்பிவிட்டன. விசிறி இல்லாத உஷ்ணம்தான் காரணம் என்று பலர் சொன்னார்கள். இணைப்புகள் சரியில்லை என்று சிலர் சொன்னார்கள்.

கம்பெனி சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? கம்ப்யூட்டரைச் சில அங்குலம் தூக்கி, மேஜைமேல் 'தொப்'பென்று போட வேண்டும்! சில்லுகள் மீண்டும் இருக்கையில் உட்கார்ந்துவிடுமாம். தலையில் தட்டும் வைத்தியத்துக்கு அண்ணன் இது. முடிவில், முதலில் விற்ற 14 ஆயிரம் கம்ப்யூட்டர்களைக் கம்பெனி இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

1984-ம் ஆண்டில் வந்த முதல் மாக்கின்டோஷிலும் விசிறி இல்லை. ஜாப்ஸ் 1985-ல் கம்பெனியைவிட்டு விலகினார். 1987-ல் வந்த 'மாக்கின்டோஷ் எஸ்.இ.'யில் விசிறி நுழைந்துவிட்டது!

எந்தச் சத்தம், என்ன நோய்?

வைத்தியர் முதலில் நாடி பிடித்துப் பார்ப்பார். கம்ப்யூட்டருக்குக் காதால் நாடி பார்க்க வேண்டும். செய்தித்தாளைக் குழல்போலச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பெட்டியின் பக்கமாகவும் வைத்தால், எந்த மூலையில் இருந்து சத்தம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

'டர்ர்ர்' என்று சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோலக் கேட்டால், ஏதோ ஒரு வயர் விசிறியின் இறக்கையில் உரசுகிறது. வயரை ஒதுக்கிக் கட்டினால் தீர்ந்தது.

'உஷ்ஷ்ஷ்' என்று பெருங்காற்று அடிப்பதுபோல இரைந்தால், விசிறி நன்றாகத்தான் இருக்கிறது. சூடு போகாததால் அது தலைதெறிக்க ஓடுகிறது. குற்றவாளி தூசிதான். விசிறியின் வேகம் பாதியாகக் குறைந்தால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். காதுக்கு அது மிகப் பெரிய வித்தியாசம். தூசியைத் துடைத்ததும் வீடே நிசப்தமாகிவிட்டதுபோலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

'கொர்ர்ர்' என்றோ 'கடகட' என்றோ கேட்டால், விசிறியின் அச்சு தேய்ந்திருக்கிறது. குளிர்ந்த காலையில் போட்டவுடன் கத்திவிட்டு, பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டாலும் இதே நோய்தான். எண்ணெய்ப் பசை வற்றிவிட்டது. சூடு ஏறியதும் மிச்சம் இருக்கும் பசை இளகுவதால் சத்தம் தற்காலிகமாக நிற்கிறது.

இன்னொரு சத்தம் உண்டு. 'டிக்... டிக்... டிக்'. அதோடு கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து நிற்கும். இது விசிறியே அல்ல. 'ஹார்டு டிஸ்க்' சாகும் நேரத்துச் சத்தம் இது. அக்காளின் கல்யாணப் படங்களும், அப்பாவின் கணக்குகளும் அதில்தான் இருக்கும். வேறு எந்த வேலையும் பார்க்காமல், முதலில் அவற்றை வேறு இடத்தில் பிரதி எடுத்துவிட வேண்டும். விசிறியை மாற்றுவது அப்புறம்.

தூசி என்ற திருடன்

தமிழ்நாட்டு வீடுகளில் தூசிக்குக் குறைவு இல்லை. ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன. கம்ப்யூட்டரோ தரையில் இருக்கிறது. தினமும் துடைப்பம் கிளப்பும் புழுதியை அது மூச்சு மூச்சாக இழுக்கிறது. தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால், தூசி பிசினாக ஒட்டிக்கொள்ளும். பெட்டியைத் தரையில் இருந்து ஓர் அடி உயரத்தில் வைத்தாலே உள்ளே போகும் அழுக்கு வெகுவாகக் குறையும். இது செலவே இல்லாத வைத்தியம். ஆனால், இதைச் செய்கிறவர்கள் குறைவு!

சிலர் கம்ப்யூட்டருக்குப் பூவேலை செய்த துணியால் உறை போட்டிருப்பார்கள். அழகுதான். ஆனால், ஓடும்போதும் உறையை எடுப்பது இல்லை. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திவிட்டதுபோல அது தவிக்கும். விசிறி எவ்வளவு வீசினாலும், அறையில் இருக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை ஆக்க முடியாது. அக்கினி நட்சத்திரத்தில் கம்ப்யூட்டர் அதிகமாகக் கத்துவது அதனால்தான்.

சுத்தம் செய்வது எப்படி? முதலில் கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்த வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்கிவிட வேண்டும். பிறகு, ஆன் செய்யும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி வடிந்துவிடும். பெட்டியைத் திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ தூக்கிச் செல்வது நல்லது. இல்லாவிட்டால் அந்தத் தூசி முழுவதும் படுக்கை அறைக்கு வந்துவிடும்.

இடது பக்கத்து மூடியைக் கழற்றினால் எல்லாம் தெரியும். உடம்பில் உள்ள மின்னூட்டம் நுட்பமான சில்லுகளைக் கெடுத்துவிடலாம். அதனால், கையை வைப்பதற்கு முன்பு பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட வேண்டும்.

விசிறியின் இறக்கைகளை மெல்லிய பிரஷினால் துடைக்க வேண்டும். அதோடு முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். உண்மையான அழுக்கு விசிறிக்கு அடியில், அலுமினியத் தகடுகளின் இடுக்கில் ஒளிந்திருக்கும். விசிறியைக் கழற்றிப் பார்த்தால் கம்பளித் துண்டுபோலத் திரண்டு கிடக்கும். காற்றே போக வழி இருக்காது. அதை எடுக்க வேண்டும்.

காற்று ஊதும் 'புளோயர்' வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் அது தாறுமாறான வேகத்தில் சுற்றும். அச்சு கெட்டுவிடும். வாயால் ஊதக்கூடாது. எச்சில் தெறிக்கும். ஈரத்துணிக்கும் அங்கே வேலை இல்லை.

தேங்காய் எண்ணெய் விடலாமா?

தூசியைத் துடைத்த பிறகும் 'கொர்ர்ர்' நிற்கவில்லை என்றால், அச்சைச் சோதிக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது விசிறியை விரலால் சுண்டிவிட வேண்டும். நல்ல விசிறி வழுக்கிக்கொண்டு சுற்றி, மெதுவாக நிற்கும். தேய்ந்த விசிறி சட்டென்று நின்றுவிடும். நடுக்குமிழைப் பிடித்து அசைத்தால் தளதளவென்று ஆடும்.

விசிறிகளில் இரண்டு ஜாதி உண்டு. வீட்டு மேஜை விசிறிபோல 'புஷ்' வைத்தது ஒன்று. குண்டு பேரிங் வைத்தது மற்றொன்று. புஷ் விசிறி விலை குறைவு. புதிதில் சத்தமும் குறைவு. ஆனால், சீக்கிரம் தேயும். குண்டு பேரிங் விசிறி உஷ்ணத்தைத் தாங்கி அதிக நாள் உழைக்கும். விலை கூடுதல்.

புஷ் விசிறி காய்ந்துபோனால் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். நடுவில் வட்டமாக ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பாதி உரித்தால், பல விசிறிகளில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். ஒரே சொட்டு! அதிகம் விட்டால் வழிந்து தூசியைச் சேர்க்கும். கையால் சில சுற்று சுற்றிவிட்டு, மூடியையும் காகிதத்தையும் பழையபடி ஒட்டிவிடலாம்.

கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று சிலர் தேங்காய் எண்ணெயை விட்டுவிடுகிறார்கள். வேண்டாம்! மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோவதைப் பார்க்காத வீடு உண்டா? நாளாக நாளாகச் சிக்குப் பிடிக்கும். விசிறி அடியோடு நின்றுவிடும்.

எண்ணெய் வைத்தியமும் நிரந்தரம் அல்ல. அச்சு ஏற்கனவே ஆடுகிறது என்றால், எண்ணெய் சில வாரம் தாங்கும். அல்லது சில மாதம் தாங்கும். பிறகு பழைய குறட்டைதான். புது விசிறி வாங்கி வரும்வரை நாளைக் கடத்துவதற்கு அது உதவும்.

அளவு பார்த்து வாங்க வேண்டும்

பெட்டியின் பின்புறம் உள்ள விசிறியை மாற்றுவது மிகவும் சுலபம். நான்கு திருகாணி. ஒரு வயர். அவ்வளவுதான்.

கடைக்குப் போகும்போது பழைய விசிறியைக் கையோடு எடுத்துச் செல்வதே புத்திசாலித்தனம். சென்னையில் ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்ததும் ஜோடியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பொதுவாக 80, 92, 120 மில்லிமீட்டர் என்ற அளவுகளில் விசிறிகள் வருகின்றன. இது சட்டத்தின் அகலம். திருகாணித் துளைகளின் இடைவெளி அல்ல. ஓடுவதற்கு 12 வோல்ட்.

வயரின் முனையில் மூன்று துளையோ, நான்கு துளையோ இருக்கும். மூன்று துளை விசிறியை நான்கு ஊசி உள்ள இடத்திலும் மாட்டலாம். சுற்றும். நான்காவது வயர் இருந்தால் சூட்டுக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி. இடம் இருந்தால் பெரிய விசிறி நல்லது. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே சின்ன விசிறி அளவுக்குக் காற்றைத் தள்ளிவிடும்.

மாட்டும்போது திசை முக்கியம். காகிதம் ஒட்டிய பக்கம், அதாவது குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும். பின்புற விசிறியில் அந்தப் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால், வெளியே போக வேண்டிய சூடு உள்ளேயே சுற்றும்.

பிராசசரின் மேல் உள்ள விசிறி அவ்வளவு சுலபம் இல்லை. அதைத் தகட்டோடு சேர்த்துத் தூக்கினால், இடையில் தடவிய 'தெர்மல் பேஸ்ட்' என்ற பசை கெட்டுவிடும். பழைய பசையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மிளகைவிடச் சற்றுப் பெரிதாகப் புதுப் பசை வைக்க வேண்டும். சில ரகங்களில், தகட்டைத் தூக்கும்போது பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதன் அடியில் உள்ள ஊசிகள் வளைந்தால் பெரிய செலவு. பழக்கம் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடலாம். "விசிறியை மட்டும் மாற்றுங்கள்" என்று தெளிவாகச் சொல்லிக் கொடுத்தால், "மதர்போர்டு போய்விட்டது" என்ற பேச்சுக்கு இடம் இருக்காது.

ஜாக்கிரதை! இந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள்

கம்ப்யூட்டருக்குள் இன்னொரு தகரப் பெட்டி இருக்கும். சுவரில் இருந்து வரும் வயர் அதில்தான் சேரும். 'எஸ்.எம்.பி.எஸ்.' என்பார்கள். அதற்குள்ளும் ஒரு விசிறி உண்டு. அதுவும் கத்தும்.

அதை மட்டும் வீட்டில் திறக்கக்கூடாது. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம், அதற்குள் 300 வோல்ட்டுக்கும் மேலாக மாறித் தேங்கி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் உள்ளே பதுங்கி இருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. பின்புறத்துச் சல்லடை வழியாகப் பிரஷினால் தூசியைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் விசிறி போய்விட்டால் மெக்கானிக் மாற்றட்டும். அல்லது அந்தத் தகரப் பெட்டியையே மாற்றிவிடலாம்.

மடிக்கணினிக்கும் மூச்சு முட்டும்

2011-ம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதன் மூலம்தான் பல வீடுகளில் கம்ப்யூட்டர் முதன்முதலாக நுழைந்தது. மெத்தைமேல் வைத்துப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்தது.

பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கத்தில் உள்ள துளைகள் வழியாக மூச்சு இழுக்கும். மெத்தையும் தலையணையும் அந்தத் துளைகளை அடைத்துவிடும். விசிறி அலறும். ஒரு பலகைமேலோ, பரீட்சை அட்டைமேலோ வைத்தால் பாதிக் கத்தல் அடங்கிவிடும். அதன் விசிறி தட்டையானது. மாடலுக்கு மாடல் மாறும். அதனால், மடிக்கணினியின் மாடல் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

மேஜைக் கம்ப்யூட்டருக்குத் திரும்புவோம். புது விசிறியை மாட்டியதும் மூடியைப் போட்டுவிடக்கூடாது. திறந்தபடியே ஒருமுறை ஓடவிட வேண்டும். விசிறி சுற்றுகிறதா, வயர் எதுவும் உரசுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். 'சி.பி.யூ. ஃபேன் எரர்' என்று திரையில் எழுத்து வந்தால், பிராசசர் விசிறியின் வயர் சரியாக மாட்டப்படவில்லை. அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீண்டும் அழுத்தி மாட்ட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால், பெட்டியின் பின்னால் கையை நீட்டிப் பார்க்கலாம். இளஞ்சூடான காற்று உள்ளங்கையில் படும். சத்தம்? காதை அருகில் கொண்டுபோனால்தான் கேட்கும். இனி மூடியை மாட்டலாம்.